மொரிஸ் மைனருக்குள் அல்டோ சீட்

எங்கள் பழைய காருக்கு வேறு முன் சீட் போட அப்பாவின் நிபந்தனை இரண்டு. காரின் தரையில் புதிதாக ஒரு துளைகூட விழக் கூடாது. கழற்றிய சீட்டுகள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. “சம்மதம்னா ஸ்பெனரை எடு. இல்லாட்டி முதுகு வலின்னு முனகிக்கிட்டே ஓட்டு” என்றார். எடுத்தேன். எடுத்த முதல் ஸ்பெனரே தப்பு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கார் 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, 1098 சி.சி. எஞ்சின். அப்பா தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை செய்த காலத்தில், பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் ஒருவரிடம் வாங்கியது. வீடு இலங்கை மலைநாட்டில், கொட்டகலையில். எனக்குக் கிழமையில் மூன்று நாள் நுவரெலியாவில் வேலை. தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏறும்போது வளைவுக்கு வளைவு உடம்பு ஒரு பக்கம் சரியும். பழைய சீட்டில் பிடிமானம் என்று ஒன்றும் கிடையாது. சாய்மானம் தோள்பட்டைக்குக் கீழேயே முடிந்துவிடும், சாய்வை மாற்றவும் வழியில்லை. உள்ளே ஸ்பிரிங் தொய்ந்து, யாரோ எப்போதோ அடைத்த தென்னந்தும்பு ஒரு மூலையில் கட்டியாகிக் கிடந்தது. போன வருடம் முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அப்பாவே இறங்கி வந்தார்.

பழைய சீட்டையே புதிதாக ஸ்பிரிங், ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கேட்டார்கள். அழகுக்கு அது சரி. ஆனால் கழுத்துக்குத் தாங்கல் வராது, சாய்வும் மாறாது. எனக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

எந்தச் சீட் என்பதில் ஒரு மாதம் போனது. கண்டியில் பழைய பாகம் விற்கிற கடைகளில் வெகன் ஆர் சீட் அடுக்கடுக்காக இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால் சோபா மாதிரி. ஆனால் அகலம் கூட. இன்னொரு விஷயம்: ஜப்பானிலிருந்து வந்த கார்களின் சீட் சிலவற்றில் சாய்மானத்தின் ஓரத்தில் எஸ்.ஆர்.எஸ். என்று ஒரு சின்ன லேபிள் தைத்திருக்கும், அடியில் மஞ்சள் நிறப் பிளக் ஒன்று தொங்கும். அது பக்கவாட்டு ஏர்பேக். உள்ளே வெடிமருந்து இருக்கிற சாமான். வெல்டிங் நடக்கிற கராஜில் அதைக் கொண்டுபோய் வைக்க எனக்குத் துணிவில்லை. மஞ்சள் பிளக் கண்டால் விலை கேட்காமலே நடையைக் கட்டினேன்.

கடைசியில் எடுத்தது சுசுகி அல்டோ 800இன் முன் சீட் இரண்டு. அல்டோவின் வெளி அகலமே ஏறக்குறைய ஒன்றரை மீற்றர். மைனர் 61 அங்குலம், அதாவது 1.55 மீற்றர். சுவர் தடித்த பழைய காருக்கு ஒல்லியான புதுக் காரின் சீட்தான் பொருந்தும். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் பார்க்க ஒடுக்கமாக இருக்கிறதென்று அதை நடுவால் நீளவாக்கில் அறுத்து, 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்துத்தான் அகலத்தை முடிவு செய்தாராம். பொனட்டின் நடுவில் ஓடுகிற மேடான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். அந்த அறுப்பு நடந்திராவிட்டால் அல்டோ சீட்டும் இதற்குள் போயிருக்காது. அல்டோவில் தலைத்தாங்கல் சாய்மானத்தோடு ஒரே துண்டாக வருகிறது. கழற்ற முடியாது. அப்போது அதை நல்ல விஷயம் என்று நினைத்தேன்.

வாங்கும்போது நான் பார்த்தவை: சாய்மானம் ஒரு பக்கம் முறுக்கியிருக்கிறதா, பெல்ட் கொளுவுகிற கம்பு இழுபட்டு நீண்டிருக்கிறதா, ஸ்பொஞ்சில் மூக்கை வைத்தால் சேற்று வாடை வருகிறதா. முதல் இரண்டும் அடிபட்ட காரின் சீட் என்பதற்கு அறிகுறி, மூன்றாவது வெள்ளத்தில் நின்ற கார். இவ்வளவும் பார்த்தவன் ஒன்றைப் பார்க்கவில்லை. கடைக்காரர் மூட்டையாகக் கட்டித் தந்த இரண்டுமே இடது பக்கச் சீட். வீட்டுக்கு வந்து அவிழ்த்த பிறகுதான் சாய்வு நெம்புகோல் இரண்டிலும் ஒரே பக்கத்தில் இருப்பது தெரிந்தது. மறுபடியும் கண்டிக்கு ஒரு பஸ் பயணம், மடியில் சீட்டோடு. கண்டக்டர் சீட்டுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

இனி ஸ்பெனர். பழைய சீட்டின் போல்ட்டுக்கு 13ஐப் போட்டேன், லேசாக ஆடியது. பலமாக இழுத்தேன், தலை வழுக்கி உருண்டையாகிவிட்டது. அந்தக் காரில் மில்லிமீற்றர் கிடையாது. போல்ட் 5/16 அங்குலம், அதன் தலைக்கு அரை அங்குல ஸ்பெனர், அதாவது 12.7. அந்த 0.3 மில்லிமீற்றர் இடைவெளி புதுப் போல்ட்டில் ஒன்றும் செய்யாது. அறுபது வருடம் மலைநாட்டு ஈரத்தில் ஊறிய போல்ட்டில் தலையைத் தின்றுவிடும். மற்ற மூன்றுக்கும் இரண்டு இரவு துரு எண்ணெய் விட்டு வைத்து, அப்பாவின் பழைய அங்குல செட்டை எடுத்துக் கழற்றினேன். வழுக்கியதை அரத்தால் இரண்டு பக்கம் தட்டையாக்கி வைஸ் கிரிப்பால் திருக வேண்டியிருந்தது. ஒரு முழுக் காலை.

சீட்டை வெளியே தூக்கியதும் தரையில் ஒரு குடும்பச் சரித்திரம். சதுரமான ஐந்து சதக் காசு ஒன்று, தங்கச்சியின் ஸ்லைட் இரண்டு, கல்லாகிப்போன கொட்டைப்பாக்கு, அம்மா தேடித் தேடிக் கிடைக்காமல் என்மேல் பழி போட்ட கைப்பையின் வார். கார்பெட்டுக்கு அடியில் போட்டிருந்த கம்பளித் துண்டைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது அப்போது.

அப்பா ஒரு பழைய திருப்புளியைக் கொண்டு வந்து தரையைக் குத்திக் குத்திப் பார்த்தார். டொக், டொக் என்று நல்ல சத்தம். ஓட்டுநர் பக்கம் கதவோரத்தில் சத்தம் மாறியது. அடுத்த குத்தில் திருப்புளி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவர் அதை வெளியே இழுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். புதுத் துளை போடக் கூடாது என்றவர், முதல் துளையைத் தன் கையாலேயே போட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மைனரில் தனிச் சட்டம் (சாசி) கிடையாது, உடம்பும் தரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. முன் சீட்டுக்கு அடியில் குறுக்காக ஒரு பெட்டி போன்ற உறுப்பு ஓடும். முன் சில்லுகளின் சஸ்பென்ஷனுக்கான முறுக்குக் கம்பிகள் இரண்டும் பின்னால் வந்து அதில்தான் பிடித்திருக்கும். அது அரித்திருந்தால் சீட் கதையை அங்கேயே நிறுத்த வேண்டும். எங்கள் காரில் அது தப்பித்திருந்தது. கெட்டது கதவோரத் தகடு மட்டும், உள்ளங்கை அளவு. டிங்கர் வேலை செய்கிறவர் நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுத்து, அதே தடிப்பில் புதுத் தகடு வைத்து ஒட்டித் தந்தார். வெல்ட் பண்ணும் முன் பேட்டரியைக் கழற்றினோம், தரைக்கு அடியில் ஓடுகிற பெற்றோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே என்று படுத்துப் பார்த்தோம். மைனரில் இன்னொரு விசித்திரம்: பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்கு அடியில் இருக்கிறது. பிரேக் எண்ணெய் விடுகிற மூடியைத் திறக்கக் கார்பெட்டைத் தூக்க வேண்டும். சீட்டுக்கோ கார்பெட்டுக்கோ எதைப் புதிதாகச் செய்தாலும் அந்த மூடி மேல் கை போகிற மாதிரி விட வேண்டும்.

சரி, இப்போது சீட்டைப் பொருத்துகிற வேலை. அல்டோ சீட்டை சிமெந்துத் தரையில் வைத்தால் கால் உடைந்த வாங்கு மாதிரி ஆடும். நான்கு காலும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்தக் காரின் தரையிலேயே ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொரு உயரத்தில் மேடு அமைத்திருக்கிறார்கள். மைனரின் தரை தட்டை. துளைகளின் இடைவெளியும் பொருந்தவில்லை. ஆகவே நடுவில் ஒரு சட்டம் வேண்டும்: கீழே மைனரின் பழைய துளைகளில் போல்ட் ஏறும், மேலே அல்டோவின் நான்கு கால் வந்து உட்காரும்.

நேரே இரும்பை வெட்டாமல் முதலில் பலகையில் செய்து பார்த்தேன். தேயிலை இப்போது கடதாசிச் சாக்கில்தான் போகிறது. ஆனால் எங்கள் வீட்டுப் பரணில் பழைய தேயிலைப் பெட்டி இரண்டு பாத்திரம் பண்டம் போட்டு வைத்தபடி இருந்தது. அதில் ஒன்றைப் பிரித்தேன். மெல்லிய பிளைவுட், உள்ளே ஈயக் கடதாசி, மூக்கில் வைத்தால் இன்னும் டஸ்ட் வாசனை. அந்தப் பலகையில் மைனரின் துளைகளைக் கரியால் ஒற்றி எடுத்து, அதன் மேல் சீட்டை வைத்து, கால்களுக்கடியில் மரத்துண்டும் உடைந்த ஓடும் சொருகி உயரம் பார்த்தேன். அப்படியே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய போதுதான் பிரச்சினை தலையில் இடித்தது, உண்மையாகவே. கூரைத் துணியில் தலைமயிர் தேய்ந்தது. ஸ்டீயரிங்கின் அடி விளிம்பு தொடையில் உட்கார்ந்தது. பழைய காரின் ஸ்டீயரிங் பெரிய வட்டம். சீட் இரண்டு விரற்கடை உயர்ந்தாலே காலை எடுத்து கிளட்ச்சில் வைக்க முடியாது.

பழைய சீட்டில் உட்காரும்போது என் இடுப்பு இருந்த உயரத்தைக் கதவில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அல்டோ சீட்டில் அதைவிட 55 மில்லிமீற்றர் மேலே இருந்தேன். அதை 20க்குக் கொண்டுவருவதுதான் மொத்த வேலையே. ஸ்பொஞ்சை வெட்டிக் குறைக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். முதுகுக்காகச் சீட் மாற்றுகிறவன் ஸ்பொஞ்சை வெட்டுவதா? சட்டத்தை ஒல்லியாக்கினோம். சட்டத்துக்கு எடுத்தது பொக்ஸ் பார், அதாவது சதுர இரும்புக் குழாய். சீட்டின் கால்களை அதன் மேல் வைக்காமல், பாரின் பக்கவாட்டில் தாழ்வாக 6 மில்லிமீற்றர் பட்டை இரும்பை வெல்ட் பண்ணி அதில் உட்கார வைத்தோம். சீட் இரண்டு பார்களுக்கும் நடுவே தொங்குகிற மாதிரி. அதிலேயே 25 மில்லிமீற்றர் மிச்சம். பாக்கி 10, பின் கால்களை முன்னதைவிடத் தாழ்த்தியதில் வந்தது. தொடைக்கும் அது நல்லது, மலை இறங்கும்போது முன்னால் வழுக்காது.

பார் 25க்கு 25, சுவர் தடிப்பு 2 மில்லிமீற்றர். இதில் போல்ட்டுக்குத் துளை போட்டு அப்படியே இறுக்கினால் பார் நசுங்கும், நசுங்கிய பிறகு போல்ட் எப்போதும் தளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் உள்ளே சின்னக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி இரண்டு முனையும் வெல்ட் பண்ண வேண்டும். வெல்டிங் பாஸ் இதை வீண்வேலை என்றார். முன்பு கட்டிலுக்கும் கேட்டுக்கும் வெல்ட் பண்ணியவர். கட்டில் வளைவில் திரும்பாது என்றேன். சிரித்துக்கொண்டு செய்தார்.

போல்ட் எல்லாம் தலையில் 8.8 என்று வலுவின் தரம் எழுதியிருப்பவை. எழுத்தே இல்லாத போல்ட் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும், அதைச் சீட்டுக்குப் போடாதீர்கள். தரைக்கு அடியில் ஐந்து ரூபாக் குற்றியளவு வாசருக்குப் பதில் தீப்பெட்டியளவு தகடு வைத்து, நைலோன் வைத்த நட்டால் இறுக்கினேன்.

முதல் சட்டம் முடிந்து, பெயின்ட்டும் அடித்து, சீட்டைப் பூட்டி, முன்னே நகர்த்த நெம்பைத் தூக்கினால் தூக்க முடியவில்லை. சீட்டுக்கு முன்னால் அடியில் இருக்கிறதே குறுக்குக் கம்பி, அதைத் தூக்கினால்தானே சீட் நகர்கிற ரெயிலின் பூட்டு விடும். அது வந்து போகிற இடத்துக்கு நேராக என் முன் பார். சீட்டைத் தாழ்த்துகிற ஆசையில் விரல் போக இடம் விட மறந்துவிட்டேன். கிரைண்டரை எடுத்து முன் பாரை வெட்டி, இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி மறுபடியும் ஒட்டினோம். இந்த முறை வேறு வினை. வெல்டிங் சூட்டில் சட்டம் இழுத்துக்கொண்டது. சீட்டின் இரண்டு ரெயிலும் துளி கோணினால் போதும், ஒரு பக்கம் பூட்டு விழும், மறு பக்கம் விழாது. பிரேக் பிடித்தால் சீட் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு ஓடும்.

இரண்டாவது சீட்டில் ஒழுங்காகச் செய்தோம். முதலில் பொட்டுப் பொட்டாக மட்டும் வெல்ட். சட்டத்தைக் காரில் இறுக்கி, சீட்டை வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் கடைசி வரை ஓட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ‘டக்’ என்று விழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, அதற்குப் பிறகு சீட்டை வெளியே எடுத்துவிட்டு முழு வெல்ட். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஆற விட்டு. சீட் மேலே இருக்கும்போது வெல்ட் பண்ணலாமா என்று கேட்காதீர்கள். ஸ்பொஞ்ச் ஒரு பொறியில் பிடிக்கும், அதன் புகை நஞ்சு.

பெல்ட் விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். இந்தக் காலத்துச் சீட்டில் பெல்ட் கொளுவுகிற கம்பு பெரும்பாலும் சீட்டின் சட்டத்திலேயே பூட்டியிருக்கும். மோதலில் ஆளின் பாரத்தில் ஒரு பங்கு அந்தக் கம்பு வழியாகச் சீட்டுக்கு, சீட்டிலிருந்து தரைக்குப் போகும். அல்டோவின் தரை அதற்கென்றே செய்தது. அறுபது வருடத்துத் தகட்டையும் என் பொக்ஸ் பாரையும் நம்பி அந்தக் கம்பை அப்படியே விட்டால், சீட்டும் ஆளும் சேர்ந்தே கண்ணாடிக்குப் போவார்கள். கழற்றி வீசினேன். எங்கள் மைனரில் நடுத்தூணிலும் கீழே இரண்டு இடத்திலும் பெல்ட்டுக்கான நட்டு கம்பனியிலேயே வைத்திருந்தார்கள், மூடியைப் போட்டு மறைத்து. அதற்கு 7/16 அங்குல யூ.என்.எஃப். மரை, அதாவது அங்குல அளவில் நெருக்கமான மரை. பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் இந்த ஒரு போல்ட் மட்டும் மாறவே இல்லை, இன்றைய பெல்ட்டுகளும் பெரும்பாலும் அதே மரையில்தான் வருகின்றன. கம்பிக் கால் வைத்த தனிக் கொளுவி ஒன்று வாங்கி, நடுப் பக்கம் உடம்பிலேயே பூட்டினேன். சீட்டைத் தாங்குவது மட்டும் சட்டத்தின் வேலை. ஆளைப் பிடிப்பது கார். அப்பாவின் நிபந்தனையும் காப்பாற்றப்பட்டது.

கடைசியாகக் குஷன். சாம்பல் நிற அல்டோத் துணியோடு வைத்தால் வேட்டிக்கு மேல் ஸ்போர்ட்ஸ் சட்டை போட்டது மாதிரி இருந்தது. ஹட்டனில் குஷன் வேலை செய்கிற பாஸ் ஒருவரிடம் கொண்டு போனேன். பின் சீட்டின் அதே மெரூன் நிற ரெக்சின், நடுவில் நீளவாக்கில் வரிவரியாகத் தையல், ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங். “மல்லி (சிங்களத்தில் தம்பி), இதுல ஆணி அடிக்க மரமே இல்லையே” என்று சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். புதுச் சீட்டில் உறையை ஸ்பொஞ்சுக்குள் புதைத்த கம்பியோடு சின்ன வளையங்களால் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு வளையத்தையும் வெட்டி, பழைய உறையைப் பிரித்து, அதையே அச்சாக வைத்து ரெக்சினை வெட்டினார். நுவரெலியாக் குளிரில் காலையில் ரெக்சினில் உட்கார்வது பீலித் தண்ணீரில் உட்கார்வது போலத்தான், தெரிந்தேதான் செய்தேன். துணி இந்தக் காருக்குப் பொருந்தாது.

செலவு: சீட் இரண்டும் 32,000 ரூபா, இரும்பும் வெல்டிங்கும் 9,500, தரை ஒட்டு 6,000, பெல்ட் 11,000, குஷன் 24,000. கூட்டினால் 82,500. சீட்டின் பஸ் டிக்கெட்டைச் சேர்க்கவில்லை.

முதல் ஓட்டம் டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா வரைக்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து போகிற இடங்களில் ஸ்டீயரிங்கைப் பிடிமானத்துக்காகப் பிடிக்காமல் திருப்புவதற்காக மட்டும் பிடித்தேன், முதல் தடவையாக. 20 மில்லிமீற்றர் உயர்ந்ததில் பின்பார்வைக் கண்ணாடியைத் திருப்ப வேண்டியிருந்தது. சாய்வு நெம்பு கதவுப் பலகையில் உரசியது, வீட்டுக்கு வந்து சூடாக்கி ஒரு துளி வளைத்தேன். இரண்டு கிழமை ஓட்டிய பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடியும் இறுக்கிப் பார்த்தேன், ஒன்று கால் சுற்று வாங்கியது. முதுகு நுவரெலியா வரை தாங்குகிறது. திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் முனகும்.

எதிர்பாராத ஒரு கோளாறு அம்மா. எப்போதும் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து றோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார், இல்லாவிட்டால் அவருக்குத் தலைசுற்றும். இப்போது முன்னால் இரண்டு தலைத்தாங்கலும் சுவர் மாதிரி நிற்கின்றன. தலவாக்கலை வருவதற்குள் காரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா முன் சீட்டில், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சாய்த்து. அப்பா பின்னால், மிஞ்சியிருக்கிற ஒரே பழைய சீட்டில். முன் சீட்டுகள் இரண்டும் அவர் சொன்னபடி பரணில், தேயிலைப் பெட்டி இருந்த இடத்தில் இருக்கின்றன.

போன ஞாயிறு நானுஓயா ஏறும்போது பின்னாலிருந்து கேட்டார்: “தம்பி, அந்தத் தலையை மட்டும் வெட்டி எடுக்க ஏலாதா?”

ஏலாது, அது சாய்மானத்தோடு ஒரே துண்டு என்றேன்.